பச்சை எனாமலுக்கு அடியில் கறுப்பாக ஒன்று: வளவுக் கதவுகளில் பழைய பூச்சை எடுப்பது

3.2.2023 | ஒரு வாசகரின் கேள்வி

தேவகோட்டைப் பக்கம் எங்கள் பங்கு வீடு. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி எட்டு அறைக்கதவுகள், எல்லாம் பர்மா தேக்கு. மேலே பச்சை எனாமல். பெயிண்டர், பெயிண்ட் ரிமூவர் போட்டு இரண்டு நாள் சுரண்டியதில் பச்சை போய்விட்டது. அடியில் கறுப்பாக, கல் மாதிரி ஒரு பூச்சு நிற்கிறது. தின்னருக்கும் அசையவில்லை. அடுத்து காஸ்டிக் சோடா கரைத்து ஊற்றலாம் என்கிறார். பழைய மரம் தாங்குமா? சித்திரையில் வீட்டில் கல்யாணம்.

5.2.2023

சோடாவை நிறுத்துங்கள். அதில் ஒரு கதவை நானே கெடுத்திருக்கிறேன், பிறகு எழுதுகிறேன். அந்தக் கறுப்பு எது என்று தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள்.

எங்கள் வீடு பள்ளத்தூர்ப் பக்கம். பதினொரு கதவு, ஒரு பெரிய நிலை, பட்டாலை என்ற கூடத்தின் தூண்கள். 2016-ல் ஆரம்பித்தேன், இன்னும் முடியவில்லை. முதல் ஒரு வருஷம் பூச்சோடு சண்டை போட்டேன். அது என்ன பூச்சு என்று பார்க்கத் தோன்றியது அதற்குப் பிறகுதான்.

கதவின் மேல்விளிம்பில், ஏணி போட்டால்தான் தெரியும் இடத்தில் சோதனை செய்யுங்கள். பஞ்சில் பாலிஷ் போடும் ஸ்பிரிட்டை நனைத்து மூன்று நிமிஷம் ஒட்டி வையுங்கள். விரலில் பிசுபிசுத்தால் அரக்கு (ஷெல்லாக்). இன்னொரு இடத்தில் டர்பெண்டைன். பஞ்சு வழுக்கி மங்கலாக அழுக்கேறினால் மெழுகு. மூன்றாவது இடத்தில் மண்ணெண்ணெய்; காப்பிக் கலரில் ஊறி வந்தால் தார். மூன்றுக்கும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சிய பழைய வார்னிஷ்.

அரக்கு காய்வது ஸ்பிரிட் ஆவியாகிப் போவதால். ஐம்பது வருஷம் கழித்து ஸ்பிரிட்டைத் திருப்பிக் கொடுத்தாலும் இளகிவிடும். ஆளிவிதை எண்ணெய் அப்படிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் வலை மாதிரிப் பின்னிக்கொள்ளும். அந்த வலையைத் தின்னர் கரைக்காது. ரிமூவர்கூட அதைக் கரைப்பதில்லை. உப்ப வைத்து மரத்திலிருந்து கிளப்புகிறது, அவ்வளவுதான். அதனால்தான் அவசரப்பட்டு ஐந்தே நிமிஷத்தில் சுரண்டினால் பாதி நின்றுவிடும்.

உங்கள் கறுப்பு தாராக இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. கறையானுக்குப் பயந்து அடித்திருப்பார்கள்.

5.2.2023, இரவு

முக்கியமானதை விட்டுவிட்டேன். அந்தப் பச்சையை உங்கள் பெயிண்டர் எப்படிச் சுரண்டினார்? காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாரா?

பழைய பச்சை எனாமல் பலவும் குரோம் மஞ்சளும் பிரஷ்யன் நீலமும் கலந்த பச்சை. குரோம் மஞ்சள் என்பது ஈயக் குரோமேட். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் வந்தது, 2017 நவம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முந்தைய எந்தப் பூச்சையும் ஈயம் உள்ளதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். காய்ந்த தூசிதான் ஆபத்து. ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும், கீழே தார்ப்பாய் விரிக்க வேண்டும், உதிர்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் வேலை முடியும் வரை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கல்யாண வீடு என்கிறீர்கள், குழந்தைகள் வருவார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஈயம் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் தொடும்.

12.2.2023

காஸ்டிக் கதை.

2016 ஆடி மாதம். 1974-ல் அத்தை கல்யாணத்துக்கு அடித்த பச்சை. அதன் அடியில் ஒரு காவி, அதற்கும் அடியில் பழைய வார்னிஷ். காஸ்டிக் கரைசலைத் தென்னை நார் மட்டையால் பூசச் சொன்னார் ஒருவர். பூசினேன். காஸ்டிக், எண்ணெய்ப் பூச்சைச் சோப்பாக மாற்றிவிடும், அதனால் வழித்தெடுப்பது சுலபம். அரைமணி நேரத்தில் மூன்று பூச்சும் கூழாக வந்தன. அன்று மாலை வரைக்கும் சந்தோஷம்தான்.

கழுவினேன். சோடாவை முறிக்க வினிகர் துடைத்தேன். மறுநாள் காலையில் கதவு பழுப்பேறி, அங்கங்கே மைக்கறுப்பாக நின்றது. மழைக்காலத்தில் வாசற்காலின் மூட்டுகளிலிருந்து வெள்ளையாக உப்புப் பூத்தது. நம் கதவுகளில் சட்டங்கள் முளை அடித்துப் பூட்டியவை. அந்தத் துளைக்குள் இறங்கிய சோடாவை எந்தத் தண்ணீரும் முழுசாக வெளியே கொண்டுவராது. அதன்மேல் போட்ட பாலிஷ் ஒரு வருஷத்தில் பொரிந்து உதிர்ந்தது. அந்த ஒரு கதவுக்குப் பின்னால் நான்கு வருஷம் அலைந்தேன்.

பொருளைக் குறை சொல்லவில்லை. பெயிண்ட் பூசிய பித்தளைக் குமிழ், இரும்புக் கொண்டி, நாதாங்கி இவற்றையெல்லாம் கழற்றிப் பழைய பாத்திரத்தில் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வையுங்கள், பெயிண்ட் தோலாக உரிந்து வரும். அந்தப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். மரத்துக்கு மட்டும் வேண்டாம்.

19.2.2023

நீங்கள் அனுப்பிய விவரத்தைப் படித்தேன். மண்ணெண்ணெயில் பஞ்சு சுத்தமாகவே வந்தது என்கிறீர்கள். அப்படியானால் தார் இல்லை. நான் சொன்னது தவறு.

அது முந்திரி எண்ணெயாக இருக்கலாம். எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது. எங்கள் இரண்டாங்கட்டில் கூரை தாங்கும் கைமரங்களிலும் இதே கறுப்பு உண்டு. 2018-ல் ஒன்றைச் சூடு காட்டிச் சுரண்டப் போனேன். எழுந்த புகையில் கண் எரிந்தது, மறுநாள் முன்கை முழுக்கக் கொப்புளம். எங்கள் ஆசாரிக்கு எழுபது தாண்டிவிட்டது. கையைப் பார்த்த மாத்திரத்தில், "தம்பி, முந்திரிக்கொட்டை எண்ணெய்ல கை வச்சீங்களா?" என்று கேட்டார். முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் காரமான எண்ணெய் அது. கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைக் கறுப்பாக்குவதும் அதுதான். கறையான் அண்டாது என்று கைமரத்துக்கும், சில வீடுகளில் கதவின் பின்புறத்துக்கும் பூசினார்கள். காய்ந்து இறுகினால் எந்தத் திரவத்துக்கும் அசையாது.

உங்கள் கறுப்பு கதவின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறதா, பின்பக்கம் மட்டுமா? பின்பக்கம் மட்டும் என்றால் அதைத் தொடவே வேண்டாம். எடுக்க வேண்டிய அழுக்கு என்று ஏன் நினைக்கிறோம்? அது மரத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது.

20.2.2023

முன்பக்கமும் கறுப்புதான் என்கிறீர்கள், ஆனால் ஸ்பிரிட்டுக்குப் பிசுபிசுக்கிறது என்றும் சொல்கிறீர்கள். மனசு லேசாகிவிட்டது. அது அரக்கு. விளக்குப் புகையும் கைப்பிசுக்கும் ஏறி ஏறிக் கறுத்த அரக்கு. மேலே இருந்த பச்சையோடு அது போகாததற்கு நன்றி சொல்லுங்கள். அதைச் சுரண்ட வேண்டியதே இல்லை.

26.3.2023

ரிமூவர் பற்றி இருவர் கேட்டிருக்கிறீர்கள்.

கடையில் கிடைக்கும் பழைய வகையில் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் இருக்கும். அது கொதிக்கும் நிலை 39.6 டிகிரி செல்சியஸ். காரைக்குடிப் பக்கம் சித்திரை மத்தியானத்தின் வெயிலும் அதே அளவுக்குப் பக்கம்தான். மூடியைத் திறந்தவுடன் புஸ்ஸென்று வருவது ஆவி. கதவில் பூசினால் வேலை செய்யும் முன்பே பறந்துவிடும், வேலை செய்பவரின் மூச்சில் போய் உட்காரும். உடம்பு அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது, இதயம் பலவீனமானவர்களுக்கு அது பெரிய ஆபத்து. பெயிண்ட் எடுக்க இதைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 2019-ல் தடைசெய்தது. ஐரோப்பாவில் அதற்கும் முன்பே கட்டுப்பாடு வந்தது.

கண்டிப்பாக அதுதான் வேண்டும் என்றால் காலை ஆறிலிருந்து எட்டுக்குள், வளவு முற்றத்தில், காற்று ஓடும் பக்கம் பார்த்து. கனமாகப் பூசி மேலே பாலிதீன் தாளை ஒட்டி மூடிவையுங்கள், ஆவி அடியிலேயே நிற்கும். கதவைத் தரையில் கிடத்தி வேலை செய்தால் பாதிப் பொருள் மிச்சம். கீழே ஆத்தங்குடிக் கல் (கையால் வார்த்த சிமென்ட் தரை ஓடு) இருந்தால் முதலில் அதை மூடுங்கள். தரையில் ஒரு சொட்டுப் பட்டாலும் மெருகு போய்விடும்.

மூடிய அறைக்குள் ஒருபோதும் வேண்டாம்.

8.4.2023

"மணல் பீய்ச்சி அடித்தால் ஒரே நாளில் முடியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முடியும். தேக்கின் மென்மையான ரேகை குழிந்து வைரம் மட்டும் வரிவரியாக நிற்கும், நிலையில் செதுக்கிய கஜலட்சுமியின் மூக்கும் யானையின் தும்பிக்கை நுனியும் போய்விடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் தூண்கள் வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த வீட்டை இடித்தார்களோ. அவற்றில் சில இப்படி அடித்துச் "சுத்தம்" செய்தவை. விரல் வைத்தால் சிராய் ஏறும். பார்த்துவிட்டு வந்தால் இரண்டு நாளுக்கு மனசு சரியாக இருக்காது.

செதுக்கிய இடத்துக்கு எனக்குச் சரிப்பட்டது இதுதான்: மூங்கில் குச்சியைச் சாய்வாகச் சீவிக்கொள்வது, பழைய பல் துலக்கும் பிரஷ், இதழ்களின் இடுக்குக்குச் சணல் கயிறு. சமதளத்துக்குக் கண்ணாடிச் சில்லு. ஆசாரிகள் காலங்காலமாகச் செய்வது. புதிதாக உடைத்த சில்லின் விளிம்பு இழைப்புளியை விட மெல்லிசாகச் சீவும். மழுங்கினால் இன்னொன்று உடைத்துக்கொள்ளலாம். தேக்கில் சிலிக்கா உண்டு, எஃகு விளிம்பு சீக்கிரம் மழுங்கிப்போகும். கையுறை கட்டாயம்.

இரும்பு நார் வேண்டாம். உடைந்த துணுக்குகள் ரேகைக்குள் மாட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் கறுப்புப் புள்ளியாகும். தேங்காய் நார் போதும்.

வெப்பக் காற்றுக் கருவி நல்லதுதான், தடித்த எனாமல் குமிழிட்டுத் தோலாக வரும். ஆனால் ஈயப் பூச்சில் அளவு பார்க்க வேண்டும். 1100 பாரன்ஹீட், அதாவது 593 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும் கருவியை அமெரிக்க விதி ஈயப் பூச்சு வேலையில் அனுமதிப்பதில்லை. நான் அதைவிட வெகு குறைவாக வைத்து, பெயிண்ட் நெளிந்ததும் கருவியை விலக்கிவிடுவேன். நெருப்பை நேரே காட்டும் ஊதுவிளக்கு வேண்டவே வேண்டாம். கதவுக்கு மேல் வளைவில் பழைய கலர்க் கண்ணாடி இருந்தால் சூடும் வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு நீலக் கண்ணாடி விரிசல் விட்டுப்போனது. அந்த நீலம் இன்றுவரை எங்கும் கிடைக்கவில்லை.

9.4.2023

ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடாகும், குவியலில் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் போடுங்கள், அல்லது கொடியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள்.

16.7.2023

சாமி வீட்டுக் (பூஜை அறை) கதவில் கறுத்த பிசுக்கை எடுப்பது பற்றிக் கேட்டவருக்கு.

அதில் பெயிண்டே இருந்திருக்காது. எங்கள் அப்பத்தா நாள் தவறாமல் நல்லெண்ணெய் விளக்கு ஏற்றுவார், எண்ணெய்க் கையாலேயே கதவைத் தள்ளுவார். தேங்காய் எண்ணெய் காயவே காயாது, ஆளிவிதை எண்ணெய் முழுசாகக் காயும், நல்லெண்ணெய் இரண்டுக்கும் நடுவில். பாதி காய்ந்து, கோந்து மாதிரி நின்று, புகையையும் தூசியையும் மஞ்சளையும் குங்குமத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். எங்கள் கதவில் நகம் பதியும் கனம்.

முதலில் தண்ணீரில் மிருதுவான சோப்பு, சற்று வெதுவெதுப்பாக. பிறகு டர்பெண்டைன் துணி. பிறகு மரக்கரண்டியால் மெதுவாக வழிப்பது. ஒரு கதவுக்கு ஆறு நாள். நான்காம் நாள், கைப்பிடிக்கு மேலே, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரம் லேசாகக் குழிந்திருப்பது தெரிந்தது. அப்பத்தா கை வைத்துத் தள்ளிய உயரம். அதற்கு மேல் அங்கே சுரண்டவில்லை.

17.7.2023

காஸ்டிக் கதவைப் பற்றி எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். கறுத்ததற்குச் சோடா ஒன்றே காரணம் என்று படும்படி எழுதியிருந்தேன். உண்மையில் வினிகருக்கும் பங்கு உண்டு.

பச்சையிலிருந்த பிரஷ்யன் நீலம் இரும்புச் சேர்மம். காரம் பட்டால் அது சிதைந்து துருவாக நிற்கும். அன்று கூழ் பச்சையாக வராமல் துருமஞ்சளாக வந்தது நினைவிருக்கிறது. அந்தத் துருவின்மேல் நான் வினிகரை ஊற்றினேன். இரும்பும் வினிகரும் சேர்ந்தால் தச்சர்கள் மரத்தைக் கறுப்பாக்கப் பயன்படுத்தும் அதே சாயம். மரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நானே சாயம் போட்டிருக்கிறேன்.

இது புரிந்த பிறகுதான் தீர்வு கிடைத்தது. ஆக்ஸாலிக் ஆசிட், மொசைக் தரைக்கு மெருகு போடுபவர்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பொடி. வெந்நீரில் கரைத்து, கறையில் மட்டுமல்ல, முழுப் பலகையிலும் ஒரே சீராகப் பூசினேன். கறையில் மட்டும் பூசினால் வெளிர்த் திட்டு விழும். ஒரு மணி நேரத்தில் மைக்கறுப்பு கண்ணெதிரே வடிந்தது. பிறகு ஐந்தாறு முறை நல்ல தண்ணீர். அது விஷம், காய்ந்த பொடி மூக்கில் ஏறக்கூடாது. இதுவும் தரைக்கல்லை அரிக்கும்.

5.11.2023

ஐப்பசி அடைமழையில் அரக்கு பாலிஷ் போட்டுவிட்டு, வெள்ளைப் படலம் விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தவறு இல்லை, பருவத்தின் தவறு. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, அது படலத்துக்குள் மாட்டி வெண்மையாகத் தெரிகிறது. உரிக்காதீர்கள். மழை விட்டு நாலு நாள் வெயில் வரட்டும், ஸ்பிரிட் தொட்டும் தொடாமலுமான துணியால் ஒரே வீச்சில் தடவுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். நான் பாலிஷை மாசி, பங்குனியில் மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன்.

அரக்கை வாங்கும்போது செதிலாகவே வாங்குங்கள். கரைத்து வைத்த பழைய சரக்கு சில சமயம் காயாமலே ஒட்டும். செதிலும் நாள்பட்டால் ஸ்பிரிட்டில் கரைய மறுக்கும். பூச்சி உமிழும் பிசினை மனிதன் ஆராய 1924-லேயே ராஞ்சியில் ஒரு நிலையம் தொடங்கியிருக்கிறார்கள் என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. நம் வளவுக் கதவுகளின் மினுமினுப்பெல்லாம் அந்தச் சின்னப் பூச்சி கொடுத்தது.

21.1.2024

பொங்கலுக்கு ஊரில் பத்து நாள் இருந்தேன். பெரிய நிலையின் மேல்சட்டத்தில் பச்சையை எடுத்தபோது, பின்பக்கம் மூட்டுகளுக்கு அருகே சின்னதாக உளிக் கோடுகள். துணியால் துடைத்துப் பார்த்தால் தமிழ் எண்கள்: ௧, ௨, ௩ என்று ௯ வரை. எந்தச் சட்டம் எந்தத் துளைக்கு என்று தரையில் வைத்துப் பூட்டிப் பார்த்த ஆசாரி வெட்டியது. ஆசாரியைக் கூட்டிவந்து காட்டினேன். ௪-இன் சுழியில் விரலை வைத்து, "எங்க தாத்தாவும் இப்படித்தான் வெட்டுவாரு" என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

நான் 2016-ல் இந்த நிலையில் ஆரம்பித்திருந்தால் காஸ்டிக் ஊற்றி, மின்சாரத் தேய்ப்பான் வைத்து, புது மரம் தெரியும் வரை போயிருப்பேன். எண்கள் போயிருக்கும். இப்போது பழைய அரக்கு வரைக்கும் வந்து நிற்கிறேன். ஸ்பிரிட் துணியால் அந்தப் பழைய அரக்கையே இளக்கி, அதையே திரும்பப் பரப்பி, மேலே மெல்லிசாக ஒரு கை. நூறு வருஷ நிறம் அப்படியே இருக்கிறது. கடையில் எந்த டப்பாவிலும் கிடைக்காத நிறம் அது.

கேள்வி கேட்ட நண்பர் கல்யாணத்துக்குள் மூன்று கதவுதான் முடிந்தது என்று வருத்தப்பட்டிருந்தார். ஒரு கோடைக்குள் மூன்று முடிந்திருக்கிறது. எனக்கு முதல் மூன்றுக்கு இரண்டு வருஷம் ஆனது.

18.2.2024

பதினோராவது கதவு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். பச்சையாகவே இருக்கிறது. அது அத்தைக்குப் பங்கில் வந்த அறை. 1974-ல் இந்தப் பச்சையை அடித்ததே அவர் கல்யாணத்துக்குத்தான். பொங்கலுக்கு வந்தபோது கேட்டேன். "அது இருக்கட்டும்டா" என்றார்.

இருக்கட்டும். ஆனால் கீழ்ப்பகுதியில் எனாமல் செதில்செதிலாக விடுகிறது, அத்தையின் பேரனுக்கு இரண்டு வயது. அதனால் உதிரும் இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்துத் தேய்த்து எடுத்து, ஈரத்துணியால் ஒற்றி, அந்தத் துணிகளைக் கட்டி அப்புறப்படுத்தினேன். ஈயம் இல்லாத புதுப் பச்சையைக் கதவு முழுக்க இரண்டு கை அடித்து, பழையதை உள்ளே மூடிவிட்டேன். நிறம் ஒத்துவர மூன்று கடை ஏறினேன். கதவு நிலையோடு உரசும் விளிம்பில்தான் பெயிண்ட் முதலில் தூளாகும். அங்கே கால் அங்குலம் இழைத்துவிடச் சொல்லியிருக்கிறார் ஆசாரி, அதையும் ஈரத்தோடுதான் செய்ய வேண்டும். பங்குனியில் போகும்போது அந்த விளிம்பு வேலை.